டிக்கியில் கிடந்த ரோஸ் துணி

பழைய இரும்பு எடுக்க வந்தவர் மச்சானுடைய காரின் டிக்கியைத் திறக்க முடியாமல் கடப்பாரை தேடினார். சாவி என்னிடம்தான் இருந்தது, கொடுத்தேன். துருவேறிய பூட்டு கொஞ்ச நேரம் முரண்டு பிடித்துவிட்டு விட்டுக்கொடுத்தது. உள்ளே பனியன் துணி ரோல்கள் ஆறு, நாடாவால் இறுக்கிக் கட்டியபடி வரிசையாகப் படுத்திருந்தன. பாலித்தீன் உறை மஞ்சளாகி, ஓரங்களில் எலி கடித்திருந்தது. உறை கிழிந்த இடத்தில் வெளிர் ரோஸ் நிறம் தெரிந்தது. "ஏனுங்க, நல்ல துணியாட்ட இருக்குதுங்களே. எறக்க மறந்துட்டாங்களாட்ட" என்றார் அவர். மறக்கவில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் முழுக் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும். வெயில் வேறு உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. "செத்த இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஷெட்டின் நிழலில் கிடந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு அவரிடம் சொல்லாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். அவிநாசிபாளையத்தில் ரோட்டை ஒட்டித் தோட்டம், தோட்டத்துக்குள் வீடு, திருப்பூரில் பனியன் கம்பெனி. படித்து முடித்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னைப் பிடித்துக் கம்பெனியில், சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களோடு பேசுகிற மெர்ச்சண்டைசராக உட்கார வைத்தவர் அவர். ஆள் வாட்டசாட்டம், வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது. பேச்சு மட்டும் அளந்துதான் வரும். அதற்கும் சேர்த்து அக்கா பேசுவாள். சாயம் போடுகிற டையிங்கிலிருந்து துணி வந்து இறங்குவது முதல் பீஸ் அட்டைப்பெட்டிக்குள் போவது வரை செக்கிங் முழுவதும் அவள் கையில். லைட்டுக்கு நேரே துணியைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் ஓட்டை, கறை, நிறத்தில் ஷேடு மாற்றம் எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. வேண்டாம் என்று அவள் ஒதுக்கிய துணியை மச்சானே வந்து கெஞ்சினாலும் கட்டிங் டேபிளில் ஏற விடமாட்டாள். "உங்க மொகத்துக்காகப் பாஸ் பண்ணுனா, பையரு துணிய என்ற மொகத்துல வீசுவானுங்க" என்பாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார். குழந்தை இல்லை என்பதை ஊரார்தான் பேசினார்கள். அவர்கள் இருவரும் அதைப் பேசி நான் கேட்டதில்லை.

இரண்டாயிரம் பிறந்த அந்தச் சில வருடங்களில் திருப்பூரில் முதலாளியின் கார் என்பது பாதி கார், பாதி லாரி. காலையில் வீட்டுக்காரியை ஏற்றிக்கொண்டு வரும். மத்தியானம் துணி ரோல் சுமக்கும். சாயங்காலம் அதே சீட்டைத் தட்டித் துடைத்து வெளிநாட்டுப் பையரை உட்கார வைத்து ஹோட்டலில் கொண்டுபோய் விடும். மச்சானுடையது வெள்ளை டீசல் கார். வாங்கிய புதிதில் மெத்தை மாதிரி இருந்தது. அந்த மெத்தைதான் வம்பாகப் போயிற்று. பின்னால் நாலு ரோல் ஏற்றினால் வால் தரையில் இடிக்கும். வளைவில் திரும்பினால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடியும் சாயும். அக்காவுக்கோ சின்ன வயதிலிருந்தே வண்டி ஒத்துக்கொள்ளாது. எங்கள் ஊர் கொமரலிங்கம். அங்கிருந்து உடுமலைக்குப் பஸ்ஸில் போய்ச் சேருவதற்குள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்து முகர்ந்தே சாறு வற்ற வைத்துவிடுவாள். கல்யாணமாகி வந்த பிறகு, வீட்டிலிருந்து கம்பெனிக்குப் போகும் வழியில் ஒரு தடவையாவது காரை ஓரம் கட்டி அவள் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "ரோடு நேராத்தானுங்க இருக்குது. உங்க வண்டிதான் ஆடுது" என்று வாயைத் துடைத்துக்கொண்டே குறை சொல்வாள்.

பல்லடம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மெக்கானிக் தெற்கத்திக்காரர். பனியன் வேலைக்கு வந்த மனைவியின் பின்னாலேயே வந்து, இங்கே கடை போட்டு ஊன்றிக்கொண்டவர். மச்சான் அவரிடம் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, ஆடக்கூடாது என்றார். அவர் கையை வேஸ்ட் துணியில் துடைத்தபடி சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "ரெண்டும் ஒண்ணா வராது அண்ணாச்சி. ஆடக் கூடாதுன்னா குலுங்கும். குலுங்கக் கூடாதுன்னா ஆடும். நடுவுல எங்க நிக்கணும்னு நீங்கதான் சொல்லணும், பாத்துக்கிடுங்க." மச்சான் யோசிக்கவே இல்லை. "குலுங்குனாப் பரவால்லீங்க. ஆடக் கூடாது" என்றார். பின்னால் கனமான காயில் ஸ்பிரிங், சுருளுக்கு நடுவே ரப்பர், கேஸ் அடைத்த ஷாக் அப்சார்பர், கொஞ்சம் அகலமான டயர் எல்லாம் ஏறின. திரும்பி வந்தது வேறு வண்டி. எந்த வளைவிலும் ரோட்டைப் பிடித்துக்கொண்டு போனது. பள்ளத்தில் இறங்கினால் மட்டும் நம் பல்லெல்லாம் ஒரு தடவை ஆடி உட்காரும். கேட்டவர்களிடமெல்லாம் லோடு ஏற்றத் தோதாக இருக்கட்டும் என்று செய்ததாகச் சொன்னார். அக்காவுக்கு வாந்தி நின்றது. முன்சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டு, கையை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு, கம்பெனியில் யார் யாரை எப்படித் திட்டினாள் என்று நடித்துக் காட்டியபடி அவள் வந்த வருடங்கள் அவை. அவர்களுடைய நல்ல காலம் என்று நான் நினைத்துக்கொள்வது அதைத்தான்.

பிறகு அந்த நோய் வந்தது. மார்பில் ஆரம்பித்தது. அறுவையும் மருந்தும் முடிந்து, கொட்டிய முடி திரும்ப முளைத்து, அவள் செக்கிங் டேபிளில் வந்து நின்று பழையபடி எல்லாரையும் விரட்ட ஆரம்பித்து, நாங்கள் அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகு, முதுகு வலிக்கிறது என்றாள். முதுகெலும்புக்குப் போயிருந்தது. கோயமுத்தூர் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அவள் துணியைப் பார்ப்பாளே அதேபோல. பார்த்துவிட்டு, எலும்பு உளுத்துப் போயிருக்கிறது, குலுக்கல் மட்டும் கூடவே கூடாது என்றார். ஆனால் ஊசிக்கும் கதிர் வைத்தியத்துக்கும் கோயமுத்தூருக்கு வந்தே ஆக வேண்டும். எந்த ரோட்டில் போகக் கூடாதோ அதே ரோட்டில்தான் வைத்தியத்துக்கு வர வேண்டும். இதென்ன நியாயம் என்று டாக்டரிடமே கேட்டேன். "பாத்துக் கூட்டிட்டு வாங்க" என்றார். எதைப் பார்ப்பது? எனக்கு வந்த கோபத்தில் அவர் மேசையில் இருந்த பேனா ஸ்டாண்டைத் தள்ளிவிடலாம் போலிருந்தது. மச்சான் என் தோளில் கை வைத்து வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அவிநாசிபாளையத்திலிருந்து பல்லடம் போய்க் கோயமுத்தூர் ரோட்டைப் பிடிப்பதற்குள் ஊருக்கு ஊர் வேகத்தடை. அரசாங்கம் போட்டது பாதி. ஆடு அடிபட்டது, கோழி அடிபட்டது என்று ஊர்க்காரர்களே ஜல்லியும் மண்ணும் கொட்டி மேடு கட்டியது மீதி. மச்சான் எவ்வளவு பதமாக ஏற்றி இறக்கினாலும் பின்சீட்டிலிருந்து ஒரு சத்தம் வரும். பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். அழுகையாக இருந்திருந்தால்கூடத் தேவலாம். ஒவ்வொரு தடவையும் மச்சானின் கழுத்து நரம்பு புடைப்பதைப் பக்கத்துச் சீட்டிலிருந்து நான் பார்த்தேன். அவளுக்காக இறுக்கிய ஸ்பிரிங் இப்போது அவளையே தூக்கி அடித்தது.

வேறு வழியெல்லாம் பார்க்காமல் இல்லை. ஆம்புலன்ஸ் கூப்பிட்டோம். அது வேன்மேல் கட்டிய பெட்டி. சைரன் போட்டுக்கொண்டு பறந்ததில் அக்கா ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னை இறக்கி விட்டுவிடுங்கள் என்று கும்பிட்டாள். சொந்தக்காரர் ஒருவரின் விலை உயர்ந்த பெரிய காரை இரவல் வாங்கினோம். அது தொட்டில். குலுக்கல் துளியும் இல்லை. ஆனால் தொட்டில் ஆடுமல்லவா? மருந்தே வயிற்றைப் புரட்டிக்கொண்டிருந்த உடம்புக்கு அந்த ஆட்டம் ஆகவில்லை. பல்லடம் தாண்டுவதற்குள் குடித்த கஞ்சித் தண்ணியெல்லாம் வெளியே வந்துவிட்டது. வாந்தி எடுக்கும்போது முதுகு வளையும். வளைந்தால் உயிர் போகும் வலி. குலுங்கினாலும் வலித்தது, ஆடினாலும் வலித்தது. அன்று திரும்பி வந்ததும் மச்சான் தன்னுடைய காரை எடுத்துக்கொண்டு நேராக மெக்கானிக்கிடம் போனார். "ரெண்டும் வேணுமுங்க" என்றார். முன்பு நடந்த பேச்சு மெக்கானிக்குக்கு நினைவிருந்திருக்க வேண்டும். அவர் ஜாக்கியை எடுத்து வந்தார்.

அதற்குப் பிறகு அந்தக் கார் ஓடியதைவிடத் தூக்கி நிறுத்தி இருந்ததுதான் அதிகம். ரப்பரை எடுத்தார்கள், ஆடியது. கனத்த ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழையதைப் போட்டார்கள், வளைவில் சாய்ந்தது. மறுபடியும் கனத்ததைப் போட்டு ஷாக்கை மாற்றினார்கள். டயரில் காற்றைக் குறைத்தார்கள். குறைத்தால் ஸ்டியரிங் இழுத்தது. அகல டயரைக் கழற்றி வீசிவிட்டு, பக்கச் சுவர் உயரமான டயர் போட்டதில் சின்னச் சின்னக் கற்கள் தெரியாமல் போயின. கடைசியில் மெக்கானிக் இரண்டுக்கும் நடுவான ஒரு ஸ்பிரிங்கை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, வண்டி சாயாமல் இருக்கக் குறுக்கே தடித்த ஸ்டெபிலைசர் ராடு ஒன்றை மாட்டினார். கம்பெனியில் ஷிப்மெண்ட் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. பையரின் ஆபீஸிலிருந்து போன்மேல் போன் எனக்குத்தான் வரும். முதலாளி எங்கே என்று கேட்பார்கள். டையிங் போயிருக்கிறார் என்று பொய் சொல்வேன். அவர் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து மெக்கானிக்குக்கு டார்ச் அடித்துக்கொண்டிருப்பார்.

எல்லாம் முடிந்து ஓட்டிப் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. என்னை ஓட்டச் சொன்னார்கள். மச்சான் பின்சீட்டில் அக்கா படுக்கிற மாதிரியே, அதே பக்கம் தலை வைத்து, முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டார். அத்தனை பெரிய உடம்பு அந்தச் சீட்டில் அடங்கவில்லை. சத்தம் எங்கிருந்தாவது வருகிறதா என்று கேட்க மெக்கானிக்கும் அவர் கால்மாட்டில் இடுங்கி உட்கார்ந்துகொண்டார். அவரும் ஒன்றும் ஒல்லி இல்லை. வேகத்தடைகளில் நான் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகவே விட்டேன். வண்டி ஏறி, அழுந்தி, ஒரே மூச்சில் நிமிர்ந்து நின்றது. வளைவில் சாயவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், மச்சான் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். "இதானுங்க. இதே போதும்" என்றார். மெக்கானிக் அவர் காலைத் தட்டிக் கொடுத்தார். திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தி, தெரியாத ஆட்களுக்கெல்லாம் மச்சான் டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் அக்காவை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். முதல் வேகத்தடையிலேயே அந்தச் சத்தம் வந்தது. அடுத்ததிலும் வந்தது. வண்டி நேற்று அழுந்திய இடத்தில் இன்று துள்ளியது. மச்சான் நிறுத்தி இறங்கி, குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், டயரை உதைத்தார், ஏறினார், மறுபடியும் இறங்கினார். அக்கா, "எதுக்குங்க அதப் போட்டு உதைக்கறீங்க, அதென்ன பண்ணும்" என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும்தான். மெக்கானிக்குக்குப் போன் போட்டு, ஒருநாளும் வராத குரலில் கத்தினார். தெற்கத்தி மனுஷன் அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, "நேத்து எப்புடி இருந்துச்சு, இன்னைக்கு ஏனிப்புடி" என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார் மச்சான்.

ஆஸ்பத்திரி வாசலில் அன்று சக்கர நாற்காலி கிடைக்கவில்லை. வீட்டில் கைத்தாங்கலாக நடந்து அவளே ஏறிக்கொள்வாள்; இங்கே எப்போதும் இரண்டு ஆயாக்கள் வந்து அக்காவை இறக்குவார்கள். எங்களை நெருங்க விடமாட்டார்கள். அன்று அவர்களையும் காணோம். மச்சான் பின்கதவைத் திறந்து, இரண்டு கையையும் அடியில் கொடுத்து, கனமானதைத் தூக்கத் தயாராகிற ஆள்போலக் காலை அகட்டி ஊன்றி, தம் பிடித்துத் தூக்கினார். தூக்கியவர் பின்பக்கமாக இரண்டடி தடுமாறினார். பூட்டியிருக்கும் என்று நினைத்துத் தள்ளிய கதவு சும்மா திறந்துகொண்டால் தடுமாறுவோமே, அப்படி. அக்கா, "மெதுவாங்க" என்று அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அவர் முகம் அந்த நேரத்தில் எப்படி மாறிற்று என்பதை நான் பார்த்திருக்க வேண்டாம். ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரியில் எடை பார்ப்பார்கள். அப்போதெல்லாம் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். என்னிடமும் கேட்கமாட்டார். கேட்காமலே இருந்துவிட்ட அந்த எடை அன்று அவர் கைக்கே வந்துவிட்டது.

அவளை உள்ளே படுக்க வைத்துவிட்டு, பார்க்கிங்கில் காரின்மேல் சாய்ந்து நின்றார். பிறகு, "அவ கனமே இல்ல மாப்ள" என்றார். "நாங்க ரெண்டு தடியனுங்க ஏறிப் படுத்துப் பாத்துட்டு நல்லாருக்குதுன்னு சொல்லிட்டு வந்துருக்கறோம். ஸ்பிரிங்கு என்ன பண்ணும், அழுந்தறதுக்கு அவகிட்ட ஒண்ணுமே இல்லியே." சொல்லிவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். நிறையப் பேர் அழுது பார்த்திருக்கிறேன். அந்தப் பார்க்கிங்கில் கேட்டதுபோன்ற ஒரு சத்தத்தை அதற்குமுன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் மெக்கானிக் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். "நான் எதுக்குவே அன்னைக்குப் பின்னால ஏறி உக்காந்தேன்" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். ஸ்பிரிங்கை இதற்குமேல் இளக்கினால் ஆடும், பாரம்தான் ஏற்ற வேண்டும், மணல் மூட்டை போடலாமா என்றார். மணல் வேண்டாம், நகரும், தொம் தொம் என்று இடிக்கும், துணிதான் சத்தம் போடாது என்று மச்சான் சொல்லிவிட்டார். கம்பெனி குடோனில் பல மாதங்களாக முடங்கிக் கிடந்த ஒரு லாட் துணி இருந்தது, வெளிர் ரோஸ். அதிலிருந்து ரோல்களை எடுத்து ஒவ்வொன்றாக டிக்கியில் ஏற்றி, ஏற்றிய பிறகு ஓட்டிப் பார்த்து, ஒன்றை இறக்கி, மறுபடியும் ஏற்றி, ஆறில் நிறுத்தினார். உருளாமல் இருக்க நாடா போட்டுக் கட்டினார். இந்தத் தடவை பின்சீட்டில் யாரையும் ஏறவிடவில்லை. தலையணை ஒன்றை வைத்து, அது எவ்வளவு எழும்பி விழுகிறது என்று என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வரச் சொன்னார். "அவளுக்குத் தெரிய வேண்டாம் மாப்ள. தான் இத்தன எளைச்சிட்டமான்னு மனசு உட்டுருவா. டெலிவரின்னு சொல்லிக்கலாம்" என்றார்.

அடுத்த பயணத்தில் அந்தச் சத்தம் வரவில்லை. ஒரு வேகத்தடை, இரண்டு, பல்லடம், அதற்கப்புறமும் வரவில்லை. மச்சான் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ஏற்றும்போதே டிக்கியைப் பார்த்துவிட்டிருந்த அக்கா, கொஞ்ச தூரம் போனதும் ஆரம்பித்தாள். "ஏனுங்க, ஆசுபத்திரிக்குப் போறப்பக்கூட லோடு ஏத்தாம உங்களால வர முடியாதுங்களா?" பல்லடத்தில் ஒரு டெலிவரி இருக்கிறது என்றார். "போறப்பவும் இருந்துச்சு, வர்றப்பவும் இருக்குது. பல்லடத்துக்காரன் வாங்கலீங்களா?" என்று திரும்பி வரும்போது கேட்டாள். கடை பூட்டியிருந்தது என்றார். ஒவ்வொரு பயணத்திலும் ஒரு பொய் தேவைப்பட்டது. வாய் திறக்காத மனுஷன் பொய்க்குமேல் பொய்யாகச் சொல்ல, அவள் படுத்துக்கொண்டே குறுக்குக் கேள்வி கேட்டு மடக்குவாள். சிரிப்புக்கூட வந்தது. பார்க்க வந்த உறவுக்காரர்களிடமும் அதையே சொல்லிச் சிரித்தாள். அவர்கள் சிரிக்கவில்லை. வெளியே வந்து, பொண்டாட்டி சாகக் கிடக்கிறாள், இவனுக்கு டெலிவரி கேட்கிறதா என்றார்கள். அந்தப் பேச்சு திருப்பூரைச் சுற்றிவிட்டு எங்கள் ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. மச்சான் காதிலும் விழுந்தது. ஒருத்தரிடமும் மறுத்துப் பேசவில்லை. நான் நாலு பேரைப் பிடித்து வாய்க்கு வந்தபடி கேட்டிருப்பேன்; சொல்லக் கூடாது என்று என் வாயையும் கட்டிப் போட்டிருந்தார்.

வைத்தியம் போதும் என்று டாக்டர்கள் கையை விரித்த பிறகு, அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள். கொமரலிங்கத்துக்குப் போக வேண்டும், அம்மா கையால் ஒரு வாய் சாப்பிட வேண்டும். தாராபுரம், கணியூர் வழியாக நீண்ட ரோடு. விடிந்ததும் கிளம்பி, ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். வழியில் அவள் முகம் ஒரு தடவைகூடச் சுளிக்கவில்லை. வாசலில் கார் நின்றதும் அம்மா ஓடி வந்தாள். வந்தவள் முதலில் பார்த்தது டிக்கியைத்தான். தண்ணீர்க் குடம் எடுக்க நான் அதைத் திறந்திருந்தேன். அம்மா அங்கேயே நின்றுவிட்டாள். எங்கள் பக்கத்தில் திட்டும்போதும் 'ங்க' போகாது. அதனாலேயே கூடுதலாகச் சுடும். "ஏனுங்க மாப்பள, ஊரு பேசறப்ப நான் நம்புலீங்க. எம்புள்ள உசுரக் கையில புடிச்சுட்டு அவ ஊட்டுக்கு வர்றா. இன்னைக்குமா லோடு? அவளும் உங்களுக்கொரு உருப்படிங்களா? அப்ப அவளையும் சேத்து எங்கியாச்சும் எறக்கிட்டுப் போங்க." அக்கம்பக்கத்து ஆட்களெல்லாம் நின்று பார்த்தார்கள். மச்சான் கையில் அக்காவின் தலையணையை வைத்துக்கொண்டு, தலை குனிந்தபடி நின்றார். நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார், வேண்டாம் என்று.

பின்சீட்டிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அந்தக் குரலில் வலு இல்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "அம்மா, அவரத் திட்டாதீங்க. அது டெலிவரித் துணி இல்ல. ஷேடு சேருலீன்னு அந்த லாட்ட ரிஜெக்ட் பண்ணுனதே நாந்தான். அத எந்தப் பல்லடத்துக்காரன் வாங்குவான்?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "என்ற கனம் வண்டிக்குப் பத்துலீங்கம்மா. பத்தாததுக்கு அத ஏத்தியிருக்கறாரு. எனக்கு வலிக்கக் கூடாதுன்னு."

மச்சான் திறந்து கிடந்த டிக்கியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை லாட் குடோனில் கிடக்க, அவள் கையால் ஒதுக்கிய துணியைப் போய் எடுத்திருக்கிறார். கம்பெனியில் கடைசிப் பொடியன்கூட அந்தத் தப்பைச் செய்யமாட்டான். முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் அத்தனை கேள்வி கேட்டிருக்கிறாள். அம்மா அழுதுகொண்டே போய் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "எந்துரிங்க சாமி, எந்துரிங்க" என்றாள். அக்கா கார் கதவு வழியாக அவரைப் பார்த்து, "சிரமப்பட்டு மறைச்சீங்க. எதுக்குக் கெடுக்கறதுன்னு உட்டுட்டனுங்க" என்றாள். அன்று அம்மா பிசைந்து கொடுத்த சோற்றில் அவளால் இரண்டு வாய்தான் சாப்பிட முடிந்தது. திரும்பும்போது கணியூர் வருவதற்குள் தூங்கிவிட்டாள். நோய் வந்ததிலிருந்து ஓடுகிற வண்டியில் அவள் தூங்கி நாங்கள் பார்த்தது அன்றுதான். மச்சான் வீடு வரும்வரை ஹாரன் அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் அதிக நாள் இருக்கவில்லை. மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கேயே போய்விட்டாள். ஆஸ்பத்திரி வண்டியில் அவளை ஏற்றினார்கள். மச்சானை அதில் ஏறச் சொன்னார்கள்; அவர் கேட்கவில்லை, தன் காரில் பின்னாலேயே வந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். எங்கள் பின்சீட்டில் யாருமில்லை. தலையணை மட்டும் கிடந்தது. ஆனாலும் ஒவ்வொரு வேகத்தடையிலும் காரை ஏறக்குறைய நிறுத்தி, மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கினார். முன்னால் போன வண்டி ஒவ்வொரு மேட்டிலும் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிற்று. அது குலுங்கும்போதெல்லாம் இவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க" என்று அவர்களுக்குக் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டே வந்தார்.

காரியமெல்லாம் முடிந்து, நான்தான் ஒருநாள் கேட்டேன், ரோலை இறக்கிவிடலாமா என்று. "இருக்கட்டும் மாப்ள. எறக்குனா வண்டி தூக்கிப் போடும்" என்றார். பின்சீட்டில் இனி யாரைத் தூக்கிப் போடப் போகிறது என்று நான் கேட்கவில்லை. அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கம்பெனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கி என்னிடம் விட்டார். வேறு கார் வாங்கச் சொல்லி எத்தனையோ தடவை சொல்லியும் வாங்காமல், ஷெட்டில் நிற்கிற நிலைக்கு அது வரும்வரை அந்த வெள்ளைக் காரையே ஓட்டினார். ஆறு ரோலும் அவரோடு திருப்பூருக்கும் வீட்டுக்குமாக வருடக்கணக்கில் போய் வந்தன. மெக்கானிக் மட்டும் சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் டிக்கியைத் திறக்காமலே வேலை பார்த்துக் கொடுத்தார். போன ஆடியில் மச்சானும் போய்விட்டார். தோட்டத்து வீட்டை ஒழிக்க வேண்டியது என் தலையில் விழுந்தது. அதனால்தான் அந்தப் பழைய இரும்புக்காரர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

ஸ்டூலை விட்டு எழுந்து போய், "எறக்குங்க" என்றேன். அவரும் கூட வந்த ஆளும் நாடாவை அறுத்து ரோல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி ஷெட்டுக்கு வெளியே வைத்தார்கள். இத்தனை வருடம் அழுந்திக் கிடந்த ஸ்பிரிங், எங்கே எழும்பப் போகிறது என்றுதான் நினைத்திருந்தேன். எழும்பியது. ஒரு ரோலுக்குக் கொஞ்சம், அடுத்ததற்குக் கொஞ்சம் என்று கிறீச்சிட்டுக்கொண்டே காரின் பின்பக்கம் மேலே வந்தது. பின்சீட்டிலிருந்து யாரோ இறங்கிப் போவதுபோல் இருந்தது. கடைசி ரோலும் வெளியே வந்தபோது என்னால் நின்று பார்க்க முடியவில்லை. அவர் டயர்களுக்குக் காற்றடித்து, காரை ஒரு சின்ன லாரியின் பின்னால் கயிறு கட்டி இழுத்துப் போவதாகச் சொன்னார். எந்த வழியாக என்று கேட்டேன். பல்லடம் ரோடுதானுங்க என்றார்.

"அந்தத் துணிய மறுக்கா உள்ள ஏத்திருங்க" என்றேன்.

அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "இதுக்குத் தனியா வெல போட முடியாதுங்களே."

"வேண்டாமுங்க. ஏத்தி, உருளாமக் கட்டிருங்க. வழியெல்லாம் வேகத்தடை. மெதுவா இழுத்துட்டுப் போங்க."